சாக்கு அடைத்த ஜன்னல்

ஆத்துமேட்டுத் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
9-2-1953

சிட்டு,

இன்னும் அப்படித்தான் கூப்பிட வருகிறது. புஷ்பவள்ளி என்று முழுப் பேரும் எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். கை கேட்கவில்லை. அதற்காக எனக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே.

தங்கச்சியைக் குளிப்பாட்டினாய். மஞ்சள் பூசினாய். தலையில் பூ வைத்தாய். செவந்தியைப் பாடையிலே தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினார்களோ இல்லையோ, பையை எடுத்துக்கொண்டு சாமான் லோரியிலே ஏறிப் போய்விட்டாய். பாலுக்குக்கூட இருக்கவில்லை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை இல்லை. லயத்து வீட்டு வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. "மூத்தவ மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போறாளே, என்னா சங்கதி?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். எனக்கே தெரியாத சங்கதியை நான் எங்கே போய்ச் சொல்வேன்? தெரிந்தால் நீ எழுது.

கெஞ்ச எழுதவில்லை. காரியம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அந்த நாற்றத்தை நீ ஒரு நாள்தான் மோந்தாய். நாங்கள் ஒரு வருஷமாய் அதைத்தான் தின்கிறோம். அவசரகாலம் என்று சொல்லிப் பழைய லயத்தையெல்லாம் பிரித்துப்போட்டு எங்களை இங்கே முள்வேலிக்குள்ளே கொண்டுவந்து அடைத்தார்கள். காட்டிலே இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு நாம் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். சரி என்று வந்தோம். வந்த சூடு ஆறவில்லை, வேலியை ஒட்டிக் கழிவுப் பட்டறையைக் கட்டினான் துரை. நாலைந்து தோட்டத்து ரப்பர் கழிவுப்பாலும் அழுக்கு ஒட்டுப்பாலும் இங்கேதான் வருகிறது. ஆசிட்டை ஊற்றி உறைய வைத்து மிஷினிலே விட்டு எடுக்கிறார்கள். அதிலே வடிகிற தண்ணீர் முழுக்க எங்கள் வீட்டுக்குப் பின்னாலே வெட்டின குழியிலே. அழுகின முட்டை வாடை. வளைகாப்புக்குச் செவந்திக்குப் போட்ட வெள்ளிக் கொலுசு, நான் புளி போட்டு விளக்கினது, அடுத்த வாரமே அடுப்புக்கரி மாதிரி கறுத்துப் போனது. வெள்ளியையே கறுப்பாக்குகிற காற்று, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியை விடுமா?

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஜன்னி என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஜன்னியாம். அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லை.

இப்போது பொம்பளைகள் எல்லாம் சேர்ந்து ஒன்று செய்கிறோம். கூட்டம் போட்டால் போலீஸ் ஜீப் வரும். அதனால் கூட்டம் போடவில்லை. துணி துவைக்கிறோம். பட்டறைக்கு லோரி போகிற ரோட்டிலே நாலு பேர் இங்கே, நாலு பேர் அங்கே, வாளியும் சவுக்காரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். லோரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பான். இந்தக் கூத்தைக் கேட்டு லேபர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி அடுத்த மாதம் விசாரிக்க வருகிறார்.

நீ வர வேண்டும். உன் தங்கச்சியைக் கடைசியாய்த் தொட்டவள் நீ. அது செத்த முகமாகவா இருந்தது? கன்னம், உதடு, மாரெல்லாம் செக்கச்செவேல் என்று, வெயிலிலே ஓடி வந்தவள் மாதிரி. குழியிலே இருந்து வந்த விஷக் காற்றுதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரவாங்கில் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்றால் உன் பேச்சை எழுதிக்கொள்வார்கள். வந்து சொல்லிவிட்டு நீ உன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டே திரும்பிப் போ. எனக்கு ஒன்றுமில்லை.

பிள்ளை நன்றாய் இருக்கிறது. இன்னும் பேர் வைக்கவில்லை. அப்பன்காரன் உடையப்பன் கிட்டே வந்துகூடப் பார்க்கமாட்டேன் என்கிறான்.

பதிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போடாதே. அங்கே கணக்கு எழுதுகிற கிராணி கண்ணு நல்ல கண்ணு இல்லை. சீனன் தவுக்கே கடைக்குப் போடு.

வீராயி


ரவாங்,
17-2-1953

அம்மாவுக்கு,

சிட்டு என்று இனிமேல் எழுத வேண்டாம். அது நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது வைத்த பேர்.

நான் வரமாட்டேன். ஏன் பேசாமல் போனேன் என்று கேட்டாய். பேசியிருந்தால் பிணத்தை வைத்துக்கொண்டே உன்னைக் கேட்டிருப்பேன். அத்தனை பேர் முன்னாலே வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டு லோரி ஏறினேன்.

அவளைக் குளிப்பாட்ட அந்த உள்ளறையில் நுழைந்தபோது மூலையில், பிள்ளை பெற்றவளுக்குச் சூடு காட்ட வைக்கிற நெருப்புச் சட்டி இருந்தது. சாம்பல் வழிய வழிய இருந்தது. ஜன்னலிலே சாக்கு. கதவுக்கு அடியிலும் சாக்கு. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் முகச் சிவப்புதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. இங்கே வந்து ஆஸ்பத்திரியில் பெரிய நர்சு மிஸ்ஸி லில்லியனிடம் சொன்னேன். நான் அழுதுகொண்டே சொல்கிறேன், அவர் அழவிடவில்லை. உடனே கேட்டார்: "அந்த ரூமுல கரி எரிஞ்சுதா?"

எரிந்தது என்றேன்.

"ஜன்னல்?"

மூடியிருந்தது என்றேன். அப்புறம் அவரே விளக்கிச் சொன்னார்.

கரி நெருப்பிலிருந்து ஒரு விஷக் காற்று வருமாம். அதற்குப் புகை கிடையாது, வாடை கிடையாது. மூடின அறையிலே அது நிறைந்தால் முதலில் தலை வலிக்கும். பிறகு குமட்டும். பிறகு தூக்கம் வரும். தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார். செத்த பிறகும் முகம் சிவந்து கிடக்குமாம், தூங்குகிற மாதிரி. நீ சாட்சி சொல்லக் கூப்பிடுகிறாயே, அந்தச் சிவப்புக்கு இதுதான் அர்த்தம். குழி நாறுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவளைச் சாகடித்தது நீ வைத்த சட்டி.

"தலைப்பிரசவத்தை ரவாங்கில் நான் பார்த்துக்கொள்கிறேன், அனுப்பு" என்று எத்தனை தரம் ஆள் விட்டேன்? "எம் மகளுக்கு அம்மா இல்லையா, ஆஸ்பத்திரிக் கட்டில்ல போய்ப் படுக்க?" என்று சொல்லி அனுப்பினாய். உன் வீம்புக்கு அவள்தான் கிடைத்தாள்.

செத்தவளை நான் மீட்கப் போவதில்லை. இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பக்கத்து வீட்டு வள்ளியம்மாவுக்கு மாசம் ஆகிறது, நானே பார்த்தேன். அவளிடம் சொல். சட்டி வைத்தால் ஜன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். தூங்கும்போது உள்ளே சட்டியே கூடாது. தலை வலிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சட்டியை வெளியே எடு, கதவைத் திற, ஆளை வாசலுக்குக் கொண்டு வா. கை மருந்து, மிளகு ரசம் எல்லாம் பிறகு. இதை உன் வாயாலே சொல். நீ சொன்னால்தான் லயத்திலே கேட்பார்கள், ஏனென்றால் உன் வீட்டிலேதான் பிணம் விழுந்தது.

அதிகாரியிடம் பொய் சொல்லாதே.

புஷ்பவள்ளி


ஆத்துமேட்டுத் தோட்டம்,
2-3-1953

ஏண்டி,

உன் கடிதத்தைத் தவுக்கே கடை வாசலிலே நின்றே படித்தேன். கூட்டிக் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் ஆகும். உனக்குத் தெரியும், அந்த எழுத்தையும் நீதானே சொல்லிக் கொடுத்தாய். அதைக் கொண்டே என்னைக் கொலைகாரி என்று படிக்க வைத்தாய். நன்றாயிரு.

சட்டி வைத்தேனாம். வைத்தேன். என் ஆத்தாள் எனக்கு வைத்தாள், நான் உங்களுக்கு வைத்தேன். உன்னைப் பெற்றபோது அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேதான் உன்னைப் போட்டு வளர்த்தேன். நீ செத்தாயா? பழைய லயத்தில் பலகைச் சந்திலே விரல் விடலாம். மழைச் சாரல் சட்டிக்குள்ளேயே விழுந்து சுர் என்கும். அதிலே பிள்ளை பெற்றோம், அதிலே எழுந்து பால்வாளி தூக்கினோம். ஒருத்தியாவது சட்டியாலே செத்தாள் என்று யாராவது சொல்லட்டும். உன் மிஸ்ஸி ஒரு பிள்ளையாவது பெற்றிருக்கிறாளா? நீதான் பெற்றிருக்கிறாயா?

அதை எழுதினது தப்புதான். அழித்தால் பேப்பர் கிழியும். கிடக்கட்டும்.

இங்கே வெறும் நெருப்பாகவும் நான் வைக்கவில்லை. வேலிக்கு வெளியே விறகு பொறுக்க விடுவதில்லை, காட்டு ஓரம் போனால் சுடுவேன் என்கிறான் காவல்காரன். அதனாலே தவுக்கேயிடம் பாக்காவ் மரத்துக் கரி வாங்கினேன். "இது நல்ல கரி லா, புகையே வராது" என்று அவனே பொறுக்கிப் போட்டான். புகையில்லாத கரி என்றுதான் வாங்கினேன். மகளுக்குக் கண் எரியக் கூடாது என்று.

சாக்கு அடைத்தேன். ஏன் அடைத்தேன் என்று கேட்டாயா? சோற்றை வாயிலே வைத்தால் ஓங்கரித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது மூக்கைத் துணியாலே கட்டிக்கொண்டு கொடுத்தாள். அவள் மாரிலே வாய் வைக்காமல் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதையெல்லாம் பக்கத்திலே இருந்து பார்த்தவள் நான். அன்றைக்கு மத்தியானம் வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டிப் படுக்க வைத்தேன். வெளியே நல்ல மழை. மழை பெய்தால் குழி கலங்கும், நாற்றம் இரண்டு மடங்கு. "தலை வலிக்குதும்மா" என்றாள். கேட்டுக்கொண்டாயா? அவளே சொன்னாள். அந்த நாற்றத்துக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்? தூங்கி எழுந்தால் சரியாகும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் முன்பக்கம் வந்தேன்.

இப்போது நீ சொல்கிறாய் குழிக்கு ஒன்றும் இல்லை, வீராயிக்குத்தான் எல்லாம் என்று. அதைக் கேட்க இங்கே ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான். எங்களை வேலை ஏவுகிற மண்டோர் சுப்பிரமணியம் நேற்று ரோட்டுக்கு வந்து நின்றுகொண்டு, "என்னா வீராயி, பைப்படியில தண்ணி வரலியா? ரோட்டுல வந்து தொவைக்கிறே?" என்றான்.

"தண்ணி வருது மண்டோரு. வெள்ளை வேட்டி மஞ்சளா வருது. உங்க வேட்டியக் கொடுங்க, தொவைச்சுக் காட்டுறேன்" என்றேன்.

பொம்பளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "ஒன் மகளக் குழிதான் கொன்னுச்சுன்னு நீ பாத்தியா? ஜன்னி வந்து செத்தத எல்லாம் தொரை தலையில கட்டுறீங்களா? ஜீப்பு வந்தா இந்தச் சிரிப்பு எங்க போவுதுன்னு பாக்குறேன்" என்றான்.

ஜீப் வந்தது. வள்ளியம்மா புருஷன் இருசப்பனின் தங்கச்சியையும் கடைசி வீட்டுக் கிழவியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாளியோடு. இன்னும் விடவில்லை. அவர்கள் யாருக்காக உள்ளே இருக்கிறார்கள்? செவந்திக்காக. நான் போய் சட்டி என்று சொன்னால் அவர்கள் எதற்காக உள்ளே இருக்கிறார்கள்?

வள்ளியம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்றைக்கு அவளிடம் சொன்னால் நாளைக்கு மண்டோர் வாயிலே இருக்கும். குழியை மூடட்டும். மூடின பிறகு சொல்கிறேன், எல்லாருக்கும் சொல்கிறேன்.

நீ வராதே. உன்னை நான் கூப்பிடவில்லை என்று வைத்துக்கொள்.

வீராயி


ரவாங்,
9-3-1953

அம்மாவுக்கு,

நான் பெறவில்லை. ஆமாம். எனக்குச் செத்துப் பிறந்த பிள்ளையை நீ பார்க்க வரவில்லை, வேலியை விட்டு வெளியே வர பாஸ் கிடைக்கவில்லை என்று சொன்னாய். இன்றைக்குவரை அதை நான் சொல்லிக் காட்டவில்லை. நீ சொல்லிக் காட்டிவிட்டாய். சரி.

பழைய லயத்தில் யாரும் சாகவில்லை என்று எழுதினாயே, ஏன் சாகவில்லை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். பலகைச் சந்து. இப்போது இருப்பது கல் சுவர். நீ எழுதினதை நீயே திரும்பப் படி.

குழி மூடுகிறவரை வள்ளியம்மா பெறாமல் காத்துக்கொண்டிருப்பாளா? அவள் செத்தால் அதற்கும் ரோட்டிலே துணி துவைப்பீர்களா?

பிள்ளையை நான் கொண்டுவந்து வளர்க்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் சம்மதம். நீ கொடுக்கமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதற்கு மட்டும் பதில் எழுது. சண்டை எழுதாதே, மண்டோர் கதை எழுதாதே. தலை வலிக்குது என்று அவள் சொன்னாள் என்றாய். அப்போது நீ என்ன செய்தாய்?

புஷ்பவள்ளி


ஆத்துமேட்டுத் தோட்டம்,
30-3-1953

சிட்டு,

பேரை மாற்ற எனக்கு வராது. வேண்டாம் என்றால் அந்த இடத்தை மட்டும் படிக்காமல் விடு.

விசாரணை முடிந்தது. ஸ்டோர் வாசலிலே மேசை போட்டார்கள். அதிகாரி ஒரு பக்கம், துரை ஒரு பக்கம், நடுவிலே தமிழை மாற்றிச் சொல்ல நம்ம கிராணி. எங்களை வேலி ஓரமாய் நிற்கச் சொன்னார்கள். லயம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால். "அத்தை, நல்லா சொல்லு, அழாம சொல்லு" என்று வள்ளியம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வயிறு என் இடுப்பிலே முட்டுகிறது. அவள் புருஷன் இருசப்பனைக் காலையிலேதான் பார்த்தேன், தவுக்கே கடையிலிருந்து தோளிலே கரிமூட்டையும் கையிலே புதுச் சட்டியுமாய் வந்தான். "நீ செவந்திக்கு வாங்கின அதே கரிதான் அத்தை, பொகையே இல்லியாம்" என்றான். எனக்குச் சந்தோஷமாய் இருக்கும் என்று நினைத்துச் சொன்னான்.

கொலுசைக் கொண்டுபோயிருந்தேன். மேசையிலே வைத்தேன். இது வெள்ளி ஐயா, இப்படிக் கறுத்துப் போனது என்றேன். அதிகாரி எடுத்துப் பார்த்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். "ஒன் மகள் எப்படிச் செத்தான்னு கேக்குறாரு" என்றான் கிராணி.

வள்ளியம்மா என் முந்தானையை இன்னும் விடவில்லை.

சொன்னேன். சட்டி நான் வைத்தது. ஜன்னலிலே சாக்கு நான் அடைத்தது. கரிக் காற்று உள்ளே நின்று என் மகளைக் கொன்றது. ரவாங்கு ஆஸ்பத்திரியிலே சொன்னார்கள், என் பெரிய மகள் சொன்னாள். அந்தச் சாக்கை என்னை அடைக்க வைத்தது உங்கள் குழி. குழி இல்லையென்றால் ஜன்னல் திறந்திருக்கும். ஜன்னல் திறந்திருந்தால் சட்டி ஒன்றும் செய்திருக்காது. இரண்டையும் எழுதுங்கள் என்றேன்.

கிராணி எதைச் சொன்னானோ, எதை விட்டானோ. அதிகாரி எழுதினார். துரை சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு கிராணி என்னைப் பார்த்து, "அப்ப குழி கொல்லல, சட்டிதான் கொன்னுச்சு. அப்படித்தானே?" என்றான்.

"ஜன்னல யாரு மூட வச்சாங்கன்னும் எழுதச் சொல்லுங்க" என்றேன்.

"அதெல்லாம் எழுதியாச்சு, போ" என்றான். அதிகாரி பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

குழி இருக்கிறது. பட்டறை ஓடுகிறது. ஜீப்பிலே போன இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கிழவி வந்ததும் வராததுமாய் என் வாசலுக்கு வந்து நின்று காறித் துப்பினாள். "ஒம் மவளுக்காகத்தாண்டி நான் உள்ள போயி உக்காந்தேன்" என்றாள். நான் துடைக்கக்கூட இல்லை. யாரும் என்னோடு பேசுவதில்லை. பைப்படியிலே நான் போனால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். மண்டோர் சுப்பிரமணியம் மட்டும்தான் நல்லா இருக்கியா வீராயி என்று கேட்கிறான். அதுதான் எல்லாவற்றையும்விட எரிகிறது.

வள்ளியம்மா பெற்றுவிட்டாள். ஆண் பிள்ளை. அவளும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கிலே துணி கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். சட்டி வாசலிலே கிடக்கிறது. மழை பெய்து அதிலே தண்ணீர் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் நான் அதைத்தான் பார்க்கிறேன். அந்த நாற்றத்திலே அவள் பிள்ளை இருமுகிறது, அதையும் கேட்கிறேன். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். நீயே பார்த்துக்கொள், எது மிச்சமாச்சு என்று.

ரோட்டிலே இப்போது நான் மட்டும்தான் துவைக்கிறேன். ஒருத்தி உட்கார்ந்தால் கூட்டம் ஆகாது. லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், திட்டுகிறான், கடைசியில் புல்லுத் தரையிலே இறக்கிச் சுற்றிக்கொண்டு போகிறான். போகட்டும். நாளைக்கும் வருவான், நானும் வருவேன்.

பிள்ளையை வந்து தூக்கிக்கொண்டு போ. பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்தக் காற்றிலே இன்னொன்றை வளர்க்க எனக்குத் தைரியம் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தை வழியாய் வருகிற காலை பஸ்ஸிலே வா, வேலிக் கேட்டு மூடுவதற்குள்ளே திரும்பிவிடலாம். துணிமணி மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். கொலுசைத் துரை மேசையிலிருந்து திருப்பி வாங்கிவிட்டேன், அதையும் வைத்திருக்கிறேன். விளக்க வேண்டாம், கறுப்பாகவே இருக்கட்டும். பேர் நீ வை. என்னோடு பேச வேண்டாம், பேசினால் சண்டை வரும். எடுத்துக்கொண்டு போ.

நீ கேட்டதற்குப் பதில்.

தலை வலிக்குதும்மா என்றாள். நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. ஜன்னலைப் பார்த்தேன். மேல் பக்கம் ஒரு கை அளவு சந்து இருந்தது, அதன் வழியாய்க் குழி நாற்றம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சந்திலே இன்னொரு சாக்கை அடைத்தேன். அவளுக்கு அது சுகமாய் இருந்தது. "இப்ப பரவாயில்லம்மா" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

நீ இதைப் படித்து என்னைத் திட்டுவாய். திட்டு. ஆனால் திட்டுவதற்கு முன்னாலே, மிஸ்ஸியை விட்டுவிடு, ஆஸ்பத்திரியை விட்டுவிடு, இன்றைக்கு உனக்குத் தெரிந்ததை எல்லாம் விட்டுவிடு. அந்த அறையிலே, அந்த மழையிலே, அந்த நாற்றத்திலே என் இடத்திலே நீ நிற்கிறாய் என்று வைத்துக்கொள். உன் தங்கச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு தலை வலிக்குது அக்கா என்கிறாள். கையிலே சாக்கு இருக்கிறது.

நீ அதைப் பிடுங்கியிருப்பாயா, அடைத்திருப்பாயா?